16 கிலோபிட்டில் ஒரு போர்க்களம்

கைப்பேசியில் எடுத்த சாதாரண ஒளிப்படம் ஒன்று 2 மெகாபைட் அளவு இருக்கும் (ஒரு பைட் என்பது எட்டு பிட்). தரைப்படை வாகனங்களில் பல பத்தாண்டுகளாகப் பொருத்தப்பட்டு வரும் விஎச்எஃப் (மிக உயர் அதிர்வெண்) போர் ரேடியோவின் வழக்கமான வேகம் நொடிக்கு 16 கிலோபிட். அந்த ரேடியோ வேறு எந்தப் பேச்சுக்கும் இடம் கொடுக்காமல், ஒரு பிட்டைக்கூடத் தவறவிடாமல் அனுப்பினாலும் அந்தப் படம் மறுமுனையை அடைய ஏறத்தாழ 17 நிமிடங்கள் ஆகும். ஆனால் ஒரு வாகனம் தன் அடையாளம், நேரம், தான் நிற்கும் அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றை 50 பைட்டுகளுக்குள் அடக்கிவிட்டால், அதே ரேடியோவில் அந்தச் செய்தி நொடியின் நாற்பதில் ஒரு பங்கு நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். டிஜிட்டல் போர்க்களத் தொடர்பின் வரலாறு முழுவதும் இந்த இரண்டு கணக்குகளுக்கு நடுவில்தான் நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் கணக்கை மாற்றிக் காட்டுகிறோம் என்று கிளம்பிய திட்டங்களில் பெரும் பணம் கரைந்திருக்கிறது; இரண்டாவது கணக்கை ஏற்றுக்கொண்டு கட்டப்பட்டவையே களத்தில் நிலைத்திருக்கின்றன.

கையில் இருக்கும் கைப்பேசி செய்வதை ஒரு ராணுவ ரேடியோ ஏன் செய்ய முடியவில்லை என்று பலரும் கேட்பதுண்டு. கைப்பேசி தன் வேலையில் மிகச் சிறு பகுதியைத்தான் தானே செய்கிறது. அதன் அலை சில கிலோமீட்டருக்குள் இருக்கும் ஒரு கோபுரத்தை எட்டினால் போதும். அதன் பின் ஒளியிழைக் கம்பிகளும், மின்சாரம் தடைபடாத நிலையங்களும் பாரத்தை ஏற்றுக்கொள்கின்றன. முன்னேறும் படைக்குக் கோபுரம் கிடையாது. அப்படி ஒன்று இருந்தாலும் அதைத்தான் எதிரி முதலில் அடிப்பான். ஆகவே ஒவ்வொரு ரேடியோவும் நேரடியாக இன்னொரு ரேடியோவை எட்டியாக வேண்டும், அதுவும் தரையோடு தரையாக. தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கும் இரு ஆன்டெனாக்கள், இடையில் மரமோ மேடோ இல்லாத சமவெளியில்கூட, பூமியின் வளைவு காரணமாக 12 கிலோமீட்டருக்குள்தான் நேர்பார்வையில் இருக்க முடியும். இரண்டையும் 12 மீட்டர் கம்பத்தில் ஏற்றினால் இது 28 கிலோமீட்டராகும். ஆனால் 12 மீட்டர் கம்பம் நட்ட இடத்தை எதிரியின் ட்ரோன் பார்க்காமல் விடாது. காடும் கட்டடங்களும் இந்தக் கணக்கை மேலும் குறைத்துவிடும். 1944 செப்டம்பரில் ஆர்னெம் நகரில் இறங்கிய பிரிட்டிஷ் வான்வழிப் படையின் ரேடியோக்கள் மரங்களுக்கும் வீடுகளுக்கும் நடுவே செயலற்றுப் போனது, ராணுவத் தொடர்பாளர்கள் இன்றும் மேற்கோள் காட்டும் பாடம்.

அதிர்வெண்ணை மாற்றினால் சிக்கல் தீரும் என்று சொல்வதற்கில்லை. சிக்கல் இடம் மாறும், அவ்வளவுதான். 2 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான எச்எஃப் அலைகளில் கீழ்ப்பகுதியில் உள்ளவற்றை ஏறக்குறைய நேர்மேலே செலுத்தினால், அவை வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பி, மலைக்கு அந்தப் பக்கமும் சில நூறு கிலோமீட்டர் தொலைவும் இறங்கும். ஆனால் அங்கே கிடைக்கும் வேகம் மிகச் சொற்பம். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என அதிர்வெண்ணையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே, விஎச்எஃப்பைவிட உயர்ந்த யுஎச்எஃப் அதிர்வெண்களுக்கும் அதற்கும் அப்பாலும் போனால் வேகம் கூடும், தொலைவு குறையும். செயற்கைக்கோள் இரண்டையும் தரும்; ஆனால் அதன் பாதை எதிரிக்கும் தெரியும், தரையிலுள்ள அதன் கட்டுப்பாட்டு நிலையங்களும் தாக்குதலுக்கு உள்ளாகும். இயற்பியல் தரும் இந்தப் பட்டியலில் எல்லாம் ஒருங்கே கிடைக்கும் வரி எதுவும் இல்லை.

இந்தக் குறுகிய பாதைக்குள் டிஜிட்டல் முறை என்ன கொண்டுவந்தது என்பதற்கு அமெரிக்கத் தரைப்படையின் சிங்கார்ஸ் ரேடியோவை எடுத்துக்கொள்ளலாம். 1980களின் பிற்பகுதியில் படைக்கு வந்த இந்த ரேடியோ 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரை, 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 2,320 அலைவரிசைகளில் இயங்குகிறது. அது ஓர் அலைவரிசையில் நிலைத்து நிற்பதில்லை. நொடிக்கு 100 முறைக்கு மேல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். தாவும் வரிசை வெளியாருக்கு ஒழுங்கற்றதாகத் தெரியும். உரிய திறவுகோல், அதாவது ரகசிய எண்கோவை, ஏற்றப்பட்ட ரேடியோவுக்கு மட்டும் அடுத்த தாவல் எங்கே என்பது தெரியும். எதிரி ஓர் அலைவரிசையை இரைச்சலால் அடைத்தால் பேச்சில் நூற்றில் ஒரு பங்கு நொடி மட்டுமே போகும், காது அதைக் கவனிக்காது. எல்லா அலைவரிசைகளையும் ஒரே நேரத்தில் அடைக்க வேண்டுமானால் அவன் தன் மின்திறனை 58 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கும் பரப்பியாக வேண்டும். அப்போது ஒவ்வொரு அலைவரிசையிலும் அவனுடைய இரைச்சல் மெலிந்துவிடும்.

கேட்பதற்கு நேர்த்தியாக இருக்கும் இந்த ஏற்பாடு இரண்டு விஷயங்களை நம்பி நிற்கிறது, இரண்டுமே களத்தில் தொல்லை தருபவை. முதலாவது நேரம். எல்லா ரேடியோக்களின் கடிகாரங்களும் ஒன்றோடொன்று ஒத்திருந்தால்தான் தாவல்கள் ஒத்திருக்கும். வழக்கமாக ஜிபிஎஸ் அதைக் கவனித்துக்கொள்கிறது; ஆனால் நவீனப் போரில் எதிரி முதலில் அடைக்கும் அலைகளில் ஜிபிஎஸ்ஸும் ஒன்று. ஆகவே ஒன்றாகத் தாவும் ரேடியோக்களின் கூட்டமான வலைக்குப் பொறுப்பான நிலையம் தன் நேரத்தைப் பிறருக்கு அவ்வப்போது ஊட்ட வேண்டியிருக்கிறது, பின்தங்கிவிட்ட ரேடியோ மீண்டும் வலைக்குள் நுழைய அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது திறவுகோல். செய்தியைப் பிறருக்குப் புரியாதபடி மாற்றும் மறையாக்கத்துக்கான எண்கோவையைக் கையடக்கக் கருவி ஒன்றில் சுமந்து சென்று, ஒவ்வொரு ரேடியோவிலும் செருகி ஏற்ற வேண்டும். அது குறித்த காலத்துக்கு ஒருமுறை மாறும். ஒரு ரேடியோ எதிரி கையில் சிக்கியது என்ற ஐயம் எழுந்தாலே வலை முழுவதற்கும் புதிய திறவுகோல் தேவைப்படும், நடு இரவில், மழையில், சிதறிக் கிடக்கும் வாகனங்களுக்கு. அலை வழியாகவே புதிய திறவுகோலை அனுப்பும் வசதி உண்டு என்றாலும், பழைய திறவுகோல் எதிரியிடம் இருக்கும்போது அதைச் செய்வதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். போர் ரேடியோக்களின் விளம்பரக் கையேடுகளில் தாவும் வேகம் பெரிய எழுத்தில் இருக்கும். திறவுகோல் யார் கையில், எந்த வண்டியில் வரும் என்பது எங்கும் இருக்காது. ஒரு சிக்னல் பிரிவின் உழைப்பில் பெரும்பகுதியை உண்பது அதுதான்.

குரலும் இதற்குள் சுருங்கியது. பழைய மறையாக்கக் கருவிகள் குரலை நொடிக்கு 16 கிலோபிட்டாக மாற்றி அனுப்பின. பின்னர் நேட்டோ தரநிலையாக ஏற்ற மெல்ப் என்னும் முறை, 2,400 பிட்டுகளிலேயே புரியும்படியான பேச்சைத் தருகிறது. பேசுபவரின் குரல் சற்று இயந்திரத்தனமாக ஒலிக்கும், ஆனால் எண்களும் இடப்பெயர்களும் தெளிவாகக் கேட்கும்.

மிச்சமான இடத்தில் தரவு நுழைந்தது. அந்தத் தரவில் களத்தில் உடனடிப் பயன் தந்தது இருப்பிடச் செய்திதான். 1991 வளைகுடாப் போரில் சண்டையில் இறந்த அமெரிக்கர்கள் 150 பேருக்கும் குறைவு. அவர்களில் 35 பேர் தம் படையின் குண்டுகளாலேயே இறந்தார்கள். பாலைவனத்தில், இரவில், வெப்பக்காட்சிக் கருவியில் தெரியும் ஒளிப்பொட்டு யாருடையது என்பதை அறிய வழியில்லாமல் போனதே காரணம். அதன் பின் வளர்ந்த புளூ ஃபோர்ஸ் டிராக்கர், 2003 இராக் படையெடுப்பில் பயன்பட்டது. வாகனத்தில் ஒரு ஜிபிஎஸ், ஒரு செயற்கைக்கோள் இணைப்பு, கரடுமுரடான ஒரு கணினித் திரை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு சிறு செய்தி. திரையில் தம் படையைக் குறிக்கும் நீலச் சின்னங்கள் மெதுவாக நகரும். வேகமான தொடர்பு என்று அதை யாரும் சொல்ல மாட்டார்கள். சின்னம் காட்டும் இடத்தை வாகனம் தாண்டிப் போயிருக்கவும் கூடும். இருந்தும் பாக்தாதை நோக்கி ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு ஓடிய படைகள், குரல் ரேடியோவின் எல்லையைத் தாண்டிய பிறகும், ஒன்றின் இருப்பிடத்தை இன்னொன்று அறிந்திருந்தன.

அந்தத் திரைக்கும் ஓர் எல்லை உண்டு. அதில் தெரிபவர்கள் அந்த வலையில் சேர்ந்தவர்கள் மட்டுமே. அதே 2003 மார்ச் 25 அன்று பஸ்ரா அருகே ஒரு பிரிட்டிஷ் சேலஞ்சர் 2 டாங்கி, இன்னொரு பிரிட்டிஷ் சேலஞ்சர் 2 டாங்கியைச் சுட்டு இருவர் இறந்தார்கள். திரையில் நீலச் சின்னம் இல்லாத இடத்தில் இருப்பது எதிரிதான் என்று எண்ணத் தொடங்குவது, சின்னமே இல்லாத காலத்தைவிட ஆபத்தானது. இதை மென்பொருளால் மட்டும் தீர்க்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிரிட்டன் அப்போது அனலாக் முறையிலான கிளான்ஸ்மன் ரேடியோக்களிலிருந்து போமன் என்ற டிஜிட்டல் அமைப்புக்கு மாறும் வழியில் இருந்தது. 1980களின் இறுதியிலேயே எண்ணப்பட்ட போமன், ஒப்பந்தக் கூட்டமைப்பு ஒன்று 2000இல் கைவிடப்பட்டு, 2001இல் வேறொரு நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டு, 2004இல்தான் படையை எட்டியது. அதனோடு சேர்ந்த கணினி அமைப்பையும் கூட்டினால் செலவு 240 கோடி பவுண்டு. மறையாக்கப்பட்ட குரல், தானாகவே இருப்பிடம் சொல்லும் ரேடியோ, வாகனத்துக்குள் வரைபடத் திரை ஆகியவை வந்தன. அதோடு எடையும் வெப்பமும் மின்சாரப் பசியும் வந்தன. ஒரே வகை என்று கணக்கில் இருந்த வண்டிகள் பட்டறைக்குள் வந்தபோது ஒன்றுக்கொன்று வேறாக இருந்ததால், ரேடியோ பொருத்தும் வேலையே ஒரு தனிப் போராட்டமாயிற்று. போமனின் ஆங்கில எழுத்துகளை விரித்து, 'வரைபடமும் நோக்கியாவும் இருந்தாலே மேல்' என்று சிப்பாய்கள் கேலி செய்தார்கள். ஆனால் அதே திட்டத்திலிருந்து பிரித்து முன்கூட்டியே 2002இல் வழங்கப்பட்ட ஒரு சிறு கருவியை அவர்கள் மனமாரப் பாராட்டினார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 500 மீட்டர் தொலைவுக்கு மட்டும் பேசும், மறையாக்கம்கூட இல்லாத தனிநபர் ரேடியோ அது. ஒரு செக்‌ஷனில் உள்ள எட்டுப் பேர் கத்தாமல் பேசிக்கொள்ள அது போதுமானதாக இருந்தது. மாபெரும் திட்டத்தின் மிக மலிவான உறுப்பு மிக விரும்பப்பட்ட உறுப்பானது தற்செயல் என்று நான் எண்ணவில்லை. அதன் வேலை தெளிவாகவும் குறுகலாகவும் வரையறுக்கப்பட்டிருந்தது.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் ஆசை இன்னும் பெரிது. 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய ஜேட்ரஸ் திட்டம், அமெரிக்காவின் முப்படைகளும் வைத்திருந்த பலவகை ரேடியோக்கள் அனைத்தையும் மென்பொருளால் உருமாறக்கூடிய ஒரே ரேடியோக் குடும்பமாக்க முயன்றது. ரேடியோவின் இயல்பைச் சில்லில் செதுக்காமல் நிரலில் எழுதுவது என்ற அடிப்படை எண்ணம் சரியானது. இன்று எல்லோரும் அதையே பின்பற்றுகிறார்கள். தவறு அதன் மேல் ஏற்றிய பாரத்தில் இருந்தது. ஒரே பெட்டி பழைய அலைவடிவங்கள் (ரேடியோக்கள் செய்தியை அலையில் ஏற்றும் முறைகள்) அனைத்தையும் பேச வேண்டும், புதிதாக அகல அலைவரிசை வலையையும் அமைக்க வேண்டும், 2 மெகாஹெர்ட்ஸிலிருந்து 2 கிகாஹெர்ட்ஸ் வரை போக வேண்டும் என்றார்கள். தரைவாகனங்களுக்கான அதன் பிரிவு, பல நூறு கோடி டாலர் செலவுக்குப் பின் 2011இல் கைவிடப்பட்டது. போர்க்களத்துக்கு இணையம் கொண்டுவர வந்த வின்-டி வலையமைப்பின் கொள்முதலையும் 2017இல் அமெரிக்கத் தரைப்படை நிறுத்தியது. வலிமையான எதிரியின் மின்னணுத் தாக்குதலை அது தாங்காது என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

இந்தத் தோல்விகளை நிர்வாகக் குளறுபடி என்று மட்டும் படிப்பது போதாது. கோபுரம் இல்லாத இடத்தில் ஒவ்வொரு ரேடியோவும் பிறருடைய செய்தியைக் கைமாற்றி அனுப்பும் வலைதான் இத்தகைய திட்டங்களின் உயிர்நாடி. ஆனால் வலையில் ஆள் கூடக்கூட, பிறர் செய்தியைச் சுமப்பதிலேயே ஒவ்வொரு ரேடியோவின் நேரமும் கரைகிறது. பியூஷ் குப்தாவும் பி. ஆர். குமாரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணிதமாகவே நிறுவியது: அத்தகைய வலையில் ஒருவருக்குக் கிடைக்கும் பங்கு, உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவாவது குறைந்துகொண்டே போகும். 100 மடங்கு ஆட்கள் சேர்ந்தால், மிக நல்ல ஏற்பாட்டிலும், ஆளுக்குப் பத்தில் ஒரு பங்குதான். இதில் வாகனங்கள் நகர்கின்றன, யாருக்கு யார் அண்டை என்பது நொடிக்கு நொடி மாறுகிறது, அதைத் தெரிவிக்கவே தனிச் செய்திகள் தேவை. முப்பது ரேடியோக்களை வைத்துச் செய்து காட்டும் அழகான சோதனை, சில ஆயிரம் பேர் கொண்ட ஒரு பிரிகேட் அளவுக்கு விரியும்போது ஏன் மூச்சுத் திணறுகிறது என்பதற்கு இதைவிட நேர்மையான விடை எனக்குத் தெரியாது.

இந்த வரம்பை ஏற்றுக்கொண்டு கட்டப்பட்ட அமைப்புக்கு விமானங்களும் கப்பல்களும் பயன்படுத்தும் லிங்க் 16 நல்ல எடுத்துக்காட்டு. அதில் 12 நொடிக்கு ஒரு சுற்று. அந்தச் சுற்று 1,536 துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டிலும் யார் பேசுவது என்பது முன்கூட்டியே பங்கிடப்படுகிறது. ஒரு துண்டின் நீளம் 7.8125 மில்லிநொடி. பேச்சுரிமை பந்தியில் பரிமாறுவதைப் போல அளந்து வைக்கப்படுவதால், எவருக்கும் நிறையக் கிடைக்காது, எவரும் பட்டினியாகவும் இருக்க மாட்டார்கள். 1970களின் சிந்தனையில் பிறந்த இந்த முறை இன்னும் பணியில் இருப்பதை நவீனப்படுத்தத் தவறியதன் அடையாளமாகச் சிலர் காட்டுவார்கள்; நான் அப்படிப் பார்க்கவில்லை.

இதுவரை சொன்னது எவ்வளவு அனுப்ப முடியும் என்பது பற்றி. அனுப்பவே வேண்டுமா என்பது அதைவிடக் கடினமான கேள்வி. மறையாக்கம் செய்தியை மறைக்கும், அலையை மறைக்காது. திசைகாட்டும் ஆன்டெனாக்கள் இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து கோடு போட்டால், அவை வெட்டும் புள்ளியில் ரேடியோ இருக்கிறது. அங்கே பீரங்கிக் குண்டு விழச் சில நிமிடங்கள் போதும். செச்சென் தலைவர் ஜோகர் துதாயெவ் 1996 ஏப்ரலில் செயற்கைக்கோள் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது ஏவுகணையால் கொல்லப்பட்டார். 2023 புத்தாண்டு நாளில் மகீவ்காவில் தங்கியிருந்த ரஷ்யப் படையினர் தாக்கப்பட்டு, ரஷ்யாவின் கணக்குப்படியே 89 பேர் இறந்தபோது, சிப்பாய்கள் கைப்பேசி பயன்படுத்தியதே காரணம் என்று அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. அத்தனை பேரை ஒரே கட்டடத்தில் அடைத்து வைத்த அதிகாரியைப் பற்றி அறிவிப்பு அவ்வளவு அழுத்திப் பேசவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். 2020இல் அமெரிக்காவின் ஃபோர்ட் இர்வின் பயிற்சிக் களத்தில், ஒரு பட்டாலியன் உமிழும் ரேடியோ அலைகளை வரைபடத்தில் காட்டும் படம் ஒன்றை அங்கிருந்த தளபதி வெளியிட்டார். உருமறைப்பு வலைகளுக்குள் பதுங்கியிருந்த அந்தப் படை, அலைகளின் வரைபடத்தில் பளிச்சென்று தெரிந்தது. தளபதிகளின் முகாம்களே மிகப் பிரகாசமாகத் தெரிவதும் இயல்பு. திரைகளும் இணைப்புகளும் அதிகமாகக் கேட்பவர்கள் அவர்கள்தானே.

உக்ரைன் போர் இவை அனைத்தையும் ஒரே களத்தில் சோதித்தது. 2022 பிப்ரவரி 24 அன்று, படையெடுப்பு தொடங்குவதற்குச் சற்று முன், வியாசட் நிறுவனத்தின் கேஏ-சாட் செயற்கைக்கோள் வலையின் பல்லாயிரம் மோடங்கள் இணையவழித் தாக்குதலால் செயலிழந்தன. செயற்கைக்கோளை எவரும் தொடவில்லை. தரையிலிருந்த நிர்வாக வலைக்குள் நுழைந்து மோடங்களின் நினைவகத்தை அழித்தார்கள். ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளின் தொலைக்கண்காணிப்பும் அதோடு போயிற்று. அந்த இடத்தைச் செயற்கைக்கோள் வழி இணையம் தரும் ஸ்டார்லிங்க் முனையங்கள் நிரப்பின. அவை தந்த அகலமான பாதையில் ட்ரோன்களின் நேரடிக் காட்சிகளும், உக்ரைனின் டெல்ட்டா என்னும் களநிலை வரைபடமும் ஓடின. ஒரு படத்துக்கே 17 நிமிடம் என்ற முதல் கணக்கு இறுதியில் மாறிவிட்டதே என்று கேட்கலாம். ஓரளவுக்கு மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாதையின் மதகு ஒரு தனியார் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. கிரிமியாவை ஒட்டிய கடற்பகுதியில் சேவையை இயக்கும்படி வந்த வேண்டுகோளை ஏற்கவில்லை என்று அதன் உரிமையாளரே 2023இல் சொன்னார். தன் படையின் குரல் எங்கே கேட்கலாம் என்பதை இன்னொருவர் தீர்மானிக்கும் நிலையில் எந்த ராணுவமும் நிம்மதியாக இருக்க முடியாது.

எதிர்த்தரப்பில், மறையாக்கம் உள்ள ராணுவ ரேடியோக்கள் போதாமல், ரஷ்யப் படைகள் போரின் தொடக்க மாதங்களில் மலிவான வணிக வாக்கி டாக்கிகளில் வெளிப்படையாகப் பேசின. அமெச்சூர் ரேடியோ ஆர்வலர்கள்கூட அவற்றைப் பதிவு செய்தார்கள். இரு தரப்பும் அலைகளை அடைப்பதில் தேர்ச்சி பெற்றதும், 2024 முதல் ட்ரோன்கள் பத்து கிலோமீட்டருக்கு மேல் நீளும் மெல்லிய ஒளியிழையைத் தம் பின்னால் விரித்துக்கொண்டு பறக்கத் தொடங்கின. கம்பியை ஜாம் செய்ய முடியாது, திசையும் காண முடியாது. பதுங்குகுழிகளுக்கு இடையில், 1957இன் பெயரைத் தாங்கிய சோவியத் காலத்து டிஏ-57 கைச்சுழற்சித் தொலைபேசிகளும் மீண்டும் பணிக்கு வந்தன.

ராணுவத் தொடர்புத் திட்டங்களில் முதன்மை, மாற்று, எதிர்பாராநிலை, அவசரம் என நான்கு பாதைகளை முன்பே வகுத்து வைப்பது பழைய வழக்கம். இன்று மாறியிருப்பது, அந்த நான்கையும் ஒரே கருவியின் நான்கு முகங்களாக வாங்கக் கூடாது என்ற விழிப்பு. நான்கும் ஒரே ஜிபிஎஸ் நேரத்தை, ஒரே திறவுகோல் சங்கிலியை, ஒரே செயற்கைக்கோள் நிலையத்தை நம்பியிருந்தால் அவை நான்கு பாதைகள் ஆகா. போமனுக்கு மாற்றாக பிரிட்டன் தொடங்கிய மார்ஃபியஸ் திட்டத்தின் முதன்மை ஒப்பந்தம் 2023 இறுதியில் ரத்தானது. அதனால் போமனின் ஆயுள் நீட்டிக்கப்படுகிறது. அடுத்து வருவதை ஒரே மாபெரும் அமைப்பாக அல்லாமல், தனித்தனியாக வாங்கிச் சேர்க்கக்கூடிய துண்டுகளாக அமைப்பதே பல நாடுகளிலும் இப்போதைய போக்கு. துண்டுகள் ஒன்றோடொன்று பேச வேண்டிய இடைமுகத்தை எந்த நிறுவனத்துக்கும் விட்டுக்கொடுக்காமல் ராணுவமே தன் உடைமையாக வைத்திருக்குமா என்பதில்தான், ஜேட்ரஸின் கதை திரும்புமா இல்லையா என்பது அடங்கியிருக்கிறது. இதுவரை வந்த ஒப்பந்தங்களைப் பார்க்கையில் அதில் எனக்கு அரை நம்பிக்கைதான் இருக்கிறது.